படத்தில் இல்லாதவள்

"வாழ்த்துங்கள்!" என்று கேட்டனர் ஒரு தாயும் தந்தையும்.

"மாதத்தை எண்ணுங்கள்!" என்றது நாடு.

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. நடிகை நயன்தாராவும் அவர்தம் கணவர், இயக்குநர் விக்னேஷ் சிவனும் சில நிழற்படங்களை இணையத்தில் வெளியிட்டனர். ஆடம்பரமில்லை, அணிமணியில்லை. இரண்டு பச்சிளங் குழந்தைகளின் பாதங்கள். அவற்றை முத்தமிடும் பெற்றோர். அவ்வளவே படம். இரட்டை ஆண் குழந்தைகளுக்கு அம்மாவும் அப்பாவும் ஆகிவிட்டோம். எங்கள் உயிருக்கும் உலகத்துக்கும் உங்கள் வாழ்த்து வேண்டும். இதுவே அதனோடு வந்த செய்தி. உயிர், உலகம் என்பவை குழந்தைகளுக்கு அவர்கள் சூட்டிய செல்லப் பெயர்கள்.

வாழ்த்தியோர் பலர். மறுப்பதற்கில்லை. ஆனால், வாழ்த்தொலி அடங்குமுன்பே வசையொலி எழுந்தது. இருவரின் திருமணம் அதே ஆண்டு ஜூன் 9ஆம் நாள், நம் பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்தது. எனவே ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று விரல் மடக்கிற்று ஊர். நான்கே மாதம்! நான்கு மாதத்தில் நானிலத்தில் எங்கேனும் பிள்ளை பிறந்ததுண்டா? கேட்டவர் கேட்டார், சிரித்தவர் சிரித்தார், கேலிப்படம் வரைந்தவர் வரைந்தார். தேநீர்க் கடையிலும் அதே பேச்சு. திண்ணையிலும் அதே பேச்சு. திரைப்படமே பார்க்காத பெரியவர் வாயிலும் அதே பேச்சு.

பழைய செய்தியை இன்று தோண்டி எடுப்பானேன் என்று கேட்பீர். காரணம் உண்டு. அந்தச் சிரிப்பை இந்தத் தை மாதத்தில், மானாம்பதியில், என் வகுப்பறையில் மீண்டும் கேட்டேன்.

*

என் தந்தையின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு பொங்கல் வாழ்த்து அட்டைகள் உள்ளன. பொங்கும் பானை, சாய்ந்த கரும்பு, கொம்புக்கு வண்ணம் தீட்டிய காளை, உதயசூரியன். சில அட்டைகளில் எம்.ஜி.ஆர். சிரிக்கிறார், சிலவற்றில் சிவாஜி. அக்காலத்தில் தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னரே கடைவாயிலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்களாம். எந்த நடிகரின் படத்தை யாருக்கு அனுப்புவது என்பதில் இளைஞரிடையே பெரும்போரே நடக்குமாம். பொங்கலைத் தமிழர் திருநாளெனப் பாமரரும் கொண்டாடும்படி பரப்பிய இயக்கத்தின் பணியில் அந்த அட்டைக்கும் சிறு பங்குண்டு. அஞ்சற்காரர் கொண்டுவந்து தரும் வாழ்த்து எப்படியிருக்கும் என்பதை இன்றைய மாணவர் அறியார். செல்பேசியில் வருவது நூறு. நெஞ்சில் நிற்பது ஒன்றுமில்லை.

ஆகவே என் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பணி தந்தேன். ஆளுக்கோர் அட்டை, நடுவிலே பொங்கற்பானை, சுற்றிலும் உங்கள் குடும்பம், அடியில் ஒரு வரி வாழ்த்து. வரைந்தவற்றையெல்லாம் சுவரிலே ஒட்டினோம். கண்கொள்ளாக் காட்சி!

ஒரு சிறுமியின் அட்டையில் பானை இருந்தது, பாட்டி இருந்தாள், சிறுமி இருந்தாள், ஓர் ஆட்டுக்குட்டியும் இருந்தது. வேறெவரும் இல்லை.

"உங்க அம்மா எங்க?" என்றான் ஒருவன்.

"அப்பா எங்க? ஆட்டுக்குட்டிதான் அப்பாவா?" என்றான் மற்றொருவன்.

வகுப்பே சிரித்தது. நான் அதட்டினேன், சிரிப்பு நின்றது. மறுநாள் காலையில் பார்த்தேன். அட்டையில் பாட்டிக்குப் பின்னால் இரண்டு உருவங்கள் புதிதாக முளைத்திருந்தன. உடை இருந்தது; கை இருந்தது; கால் இருந்தது. முகம் மட்டும் இல்லை.

முழு நிலவு போன்ற முகத்தை வரையத் தெரியாதவளல்லள் அச்சிறுமி. பாட்டியின் முகத்தைச் சுருக்கம் சுருக்கமாக வரைந்தவள். ஊருக்காக வரைந்த உருவத்துக்கு முகம் எதற்கு என்று விட்டிருக்கிறாள்! அன்று முதல் அந்த நடிகையின் படமும் இந்தச் சிறுமியின் படமும் என் மனத்தில் அருகருகே தொங்குகின்றன. பார்வையாளர் ஒருவரே, பார்வையும் ஒன்றே. திறனாய்வுக்கு உரியது படமன்று, அந்தப் பார்வை.

*

அன்று நடிகையின் படத்துக்கு எழுந்த குரல்களை வகை பிரித்துப் பார்ப்போம்.

முதல் வகையினர் நாள் எண்ணியோர். இவர்கட்குத் திருமணம் என்பது தொடக்கக் கோடு; மகப்பேறு என்பது முடிவுக் கோடு; இடையிலே பத்துத் திங்கள் குறையின்றி இருத்தல் வேண்டும். இரண்டாம் வகையினர் அழகுக் கணக்கர். உடற்கட்டுக் குலையும், படவாய்ப்புப் போகும் என்று அஞ்சிப் பிறர் வயிற்றில் பிள்ளையை வளர்த்தாள் என்று, அவளுடைய மருத்துவக் குறிப்பேட்டைப் படித்தவர்போல் தீர்ப்புரைத்தோர் இவர்கள். மூன்றாம் வகையினர் பண்பாட்டுக் காவலர். சுமவாத தாய் தாயல்லள் என்பது இவர்தம் சாத்திரம். நான்காம் வகையினர் சட்டம் கேட்டோர். வாடகைத்தாய் முறைக்கு நாட்டிலே புதிய கட்டுப்பாடு வந்துள்ளதே, இது அதற்கு உட்பட்டு நடந்ததா என்று வினவியோர்.

நான்காம் வகையினர் வினாவை மற்ற மூன்றோடு சேர்த்து எறிந்துவிடக் கூடாது. அதற்குப் பின்னர் வருவேன். முதல் மூன்றிலும் பொதுவான ஒன்றை இங்கே காண்க. கணைகள் பெரும்பாலும் ஒருபக்கமே பாய்ந்தன. பிள்ளைக்குப் பெற்றோர் இருவர், படத்திலும் இருவர். ஆனால் உடற்கட்டைப் பற்றி ஆணிடம் யாரும் கேட்கவில்லை. "நீ ஏன் சுமக்கவில்லை?" என்ற வினா பெண்ணுக்கு மட்டுமே உரிமைப்பொருளாயிற்று. 2005 முதல் தமிழ்த் திரையில் உழைத்து, தன் பெயருக்காகவே படம் ஓடும் நிலைக்கு உயர்ந்த பெண் அவர். அத்தனை உயரத்தில் நின்றாலும், தாய்மை என்னும் தராசை ஊர் தூக்கி வரும்போது, நயன்தாராவும் ஒன்றே, நாற்று நடும் நங்கையும் ஒன்றே!

சீமந்த விழாவுக்குப் பிள்ளையில்லாப் பெண்ணை அழைக்கத் தயங்கும் வீடுகள் நம் ஊர்ப்புறங்களில் இன்றும் உண்டு. "மலடி" என்ற சொல்லுக்கு ஆண்பாலாக "மலடன்" அகராதியில் இருக்கிறது. வழக்கில் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்? குறை ஆணிடம் இருந்தாலும் அரசமரத்தைச் சுற்றுபவள் பெண். பிள்ளையில்லாவிட்டால் ஏச்சு, மருத்துவத்தின் துணையால் பிள்ளை வந்துவிட்டால் ஏளனம்! எப்படி வந்தாலும் அடிக்கும் இந்தக் கோலுக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுகின்றனர்.

*

ஊர்ப்பேச்சைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. அதற்கு இரண்டு சொற்களையே ஆக்கி வைத்தது. சிலர் தமக்குள் முணுமுணுத்தால் அம்பல். பலரறிய வெளிப்பட்டால் அலர். தலைவன் தலைவியின் காதலை ஊரார் தூற்றுவது அகப்பாட்டின் பெரும்பொருள்களுள் ஒன்று. வள்ளுவர் அதற்கென "அலரறிவுறுத்தல்" என ஓர் அதிகாரமே வகுத்தார்.

ஆனால், அதே தமிழ் இன்னொரு நெறியையும் வகுத்தது. அதைத்தான் நாம் மறந்தோம். அன்பின் ஐந்திணையைப் பாடும்போது, ஒருவரைச் சுட்டி அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் கண்ட நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, இவ்வளவே. ஊர் எது, பேர் எது, யார் மகள் என்பது இல்லை. பெயர் வந்துவிட்டால் அது அகமன்று, புறம். எவ்வளவு கடுமையாக இதனைக் கடைப்பிடித்தனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பிரிவால் வாடும் அரசியின் துயரைச் சொல்லும் பாட்டுத்தான் அது. எனினும் வேலின் தலையிலே கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிட்டது என்னும் ஒரே காரணத்தால், அதனை அகத்திலே சேர்க்க மறுத்துப் புறமெனக் கொண்டனர் உரைகாரர். ஒரு வேப்பந்தழைக்கு அத்தனை விழிப்பு!

ஏன் இந்த விழிப்பு? வீட்டுக்குள் நடக்கும் அன்பும் ஊடலும் பேறும் இழப்பும் மாந்தர் எல்லோர்க்கும் பொது. பொதுவாகப் பாடலாம், பேசலாம், ஆராயலாம். ஆனால் ஒருவரைப் பெயர்சொல்லி இழுத்து, அவர் வீட்டின் உள்ளறையை ஊர்நடுவில் விரிப்பது இலக்கியமாகாது. இதுவே அந்நெறியின் உட்பொருளென நான் கொள்கிறேன். போரும் கொடையும் ஆட்சியும் புறம், அங்கே பெயர் சொல், குற்றம் சொல், மன்னனேயாயினும் இடித்துரை!

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 2022இல் எழுந்த குரல்களில் முதல் மூன்றும் அகத்தைப் பெயரிட்டுத் தூற்றிய அலர். நான்காவது ஒன்றே புறத்துக்குரிய வினா.

*

"அவர்கள்தாமே கடைவிரித்தார்கள்? திருமணத்தையே பதிவுசெய்து படநிறுவனத்துக்குக் கொடுத்தவர்கள் அல்லரோ? படத்தைப் போட்டுவிட்டுப் பார்க்காதே என்றால் எப்படி?"

இவ்வாறு கேட்கிறார் என் ஆசிரிய நண்பர் ஒருவர். கேட்கத்தக்க கேள்விதான், தட்டிக்கழிக்க மாட்டேன். தம் அகத்தைத் தாமே விலைப்பொருளாக்கும் வழக்கம் புகழ்வாணரிடையே பெருகியுள்ளது. மணவிழா, வளைகாப்பு, பிள்ளைப்பேறு, பிறந்தநாள் ஒவ்வொன்றும் படமாகி, படம் விளம்பரமாகி, விளம்பரம் பணமாகிறது. காணும் எளியோர் தம் வீட்டு விழாவையும் அதுபோல் ஆக்க முனைந்து கடனாளியாகின்றனர். நம் பகுதியில் வளைகாப்புக்குக்கூட வட்டிக்கு வாங்கிப் படம் எடுப்போர் தோன்றிவிட்டனர். இதனைக் கண்டிக்கலாம், கண்டிக்க வேண்டும். அது பொதுவாழ்வைப் பற்றிய கண்டனம், புறம்.

ஆனால், கடை விரித்தவரிடம் கடைச்சரக்கைப் பற்றித்தான் பேசலாமேயன்றிக் கருப்பையைப் பற்றிப் பேசலாகாது. பாதத்தைக் காட்டினார்கள், பாதத்தைப் பார். முகத்தைக் காட்டவில்லை, அவ்வாண்டுத் தீபாவளி நாளில் குழந்தைகளை ஏந்தி நின்று வாழ்த்துச் சொன்னபோதும் குழந்தைகளின் முகத்தை மறைத்தே வைத்தார்கள். எது கடைக்கு, எது வீட்டுக்கு என்று கோடு கிழிக்கும் உரிமை நடிகைக்கும் உண்டு. நாடகம் பார்க்கக் கட்டணம் கொடுத்தவன், அதே சீட்டைக் காட்டி நடிகையின் வீட்டுக் கதவைத் தட்டலாமோ?

கடல்கடந்தும் இதே கதை நடந்தது. 2024 மார்ச் 10, இங்கிலாந்தில் அன்னையர் நாள். அறுவை மருத்துவத்துக்குப் பின்னர் பொதுவெளியில் தோன்றாதிருந்த இளவரசி கேத்தரின், தம் மூன்று குழந்தைகளோடு எடுத்த படம் வெளியிடப்பட்டது. சிறுமியின் சட்டைக் கை பொருந்தாமல் வெட்டுப்பட்டிருந்தது கண்டு உலகச் செய்தி நிறுவனங்கள் அப்படத்தைத் திரும்பப் பெற்றன. செய்தியென வழங்கும் படம் திருத்தப்பட்டதாயிருத்தல் கூடாது என்பது அவற்றின் விதி. சரியான செயல், புறத்துக்குரிய வினா. மறுநாள் இளவரசியும் படத்தைத் திருத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்.

ஆனால், ஊர் அதோடு விட்டதா? எங்கே போனாள், உயிரோடு இருக்கிறாளா, மணவாழ்வு முறிந்ததா என்று நாடு நாடாக அலர் பரவிற்று. மார்ச் 22ஆம் நாள், தமக்குப் புற்றுநோய் என்று அப்பெண்மணியே உலகின்முன் சொல்ல நேர்ந்தது. பிள்ளைகளிடம் பக்குவமாகச் சொல்லக் காலம் தேவைப்பட்டது என்றும் சொன்னார். சட்டைக் கையைப் பற்றிக் கேட்டவர் அறிவாளர். சாவைப் பற்றிக் கேட்டவர்? பெயரை நீங்களே வையுங்கள்!

*

இனிச் சட்டம் கேட்டோரிடம் வருவோம்.

வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 25இல் நடைமுறைக்கு வந்தது. பணத்துக்காகப் பிள்ளை சுமக்கும் முறையை அது தடுத்தது. திருமணமான பெண்ணாய், தனக்கெனப் பிள்ளை பெற்றவளாய், 25 முதல் 35 அகவைக்குள் இருப்பவள், வாழ்வில் ஒரே ஒருமுறை, ஊதியமின்றி, உதவியாகச் சுமக்கலாம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் மட்டும் அவளுக்கு உண்டு என்று வகுத்தது. இப்படியொரு சட்டம் வந்த ஆண்டிலேயே புகழ்பெற்ற ஒரு குடும்பத்தின் படம் வெளிவந்தால், "சட்டப்படி நடந்ததா?" என்று குடிமகன் கேட்பது கடமை. தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரும் விளக்கம் கேட்கப்படும் என்றார். குழு அமைந்தது. அக்டோபர் 26இல் அறிக்கை வந்தது.

அறிக்கை என்ன சொல்லிற்று? இருவரும் 2016 மார்ச்சிலேயே பதிவுத்திருமணம் செய்தவர்கள். வாடகைத்தாய் ஒப்பந்தம் 2021 நவம்பரில், அதாவது புதிய சட்டம் நடைமுறைக்கு வருமுன், செய்யப்பட்டது. கணவன் மனைவி இருவரும் விதியை மீறவில்லை. ஆனால், மருத்துவமனை வைத்திருக்க வேண்டிய ஆவணங்களை முறையாகப் பேணவில்லை!

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். நான்கு மாதம் என்று எண்ணிய விரல்கள் என்ன ஆயின? ஆறாண்டு கடந்த மணவாழ்வை நான்கு மாதமென்று நகைத்தவர் நாணினரா? கணக்கே தப்பு; அதற்குள் தீர்ப்பு! சரி, தப்புக் கணக்கென்று தெரிந்தபின், உண்மையிலேயே கண்டறியப்பட்ட குறையை யாரேனும் பற்றினரா? ஏடு பேணாத மருத்துவமனை! கருவைச் சுமந்தவள் யார், அவள் உடல்நிலை யாது, அவளுக்கு அளிக்கப்பட்ட மருந்து யாது என்பதற்கெல்லாம் சான்றாக நிற்க வேண்டிய ஏடு அது. அதைப் பற்றித் திண்ணைகள் பேசவில்லை. தேநீர்க் கடைகள் கேட்கவில்லை. உடற்கட்டைப் பற்றிப் பத்து நாள் பேசிய நாடு, ஆவணக் கட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவில்லை.

எங்கள் ஊரின் வட்டத் தலைநகர் உத்திரமேரூர். அங்கே முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. குடவோலை முறையைச் சொல்வது. அது நான்மறை ஓதியோர்க்கும் நிலமுடையோர்க்கும் மட்டுமே இடம் கொடுத்த பார்ப்பனர் சபை. பெண்ணுக்கு அங்கே ஓலையில்லை, உழவனுக்கும் இல்லை. பெருமை பேசும்போதே அதையும் நாம் சொல்லியாக வேண்டும். ஆயினும் அந்தக் கல்லில் ஒரு விதி கூர்மையானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடாதே. அவன் உறவினர் பெயரையும் இடாதே! ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் மண்ணின் கல்லொன்று சொல்லியது: பொதுப்பணியில் உள்ளவரிடம் கணக்கைக் கேள். நாமோ மருத்துவமனையின் கணக்கைக் கேளாமல் மங்கையின் மாதக் கணக்கைக் கேட்டோம்.

*

விழாநாளில் குடும்பத்தின் படத்தை அட்டையாக்கி அனுப்பும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் இலண்டனில் வெளியாயிற்று. ஹென்றி கோல் என்பார் கேட்க, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியர் வரைந்தது. விலை ஒரு ஷில்லிங். நடுவிலே ஒரு குடும்பம் விருந்துண்டு மதுக்கிண்ணத்தை உயர்த்துகிறது. சிறு குழந்தையின் வாயிலும் கிண்ணம். பார்த்த மதுவிலக்காளர் கொதித்தனர். முதல் அட்டைக்கே முதல் கண்டனம்!

ஆனால், அதே அட்டையின் இரு ஓரங்களிலும் வேறு இரு காட்சிகள் உள்ளன. ஒருபுறம் பசித்தவனுக்கு உணவு தருகின்றனர்; மறுபுறம் ஆடையற்றவனுக்கு ஆடை. நடுவில் இருந்த கிண்ணம் வரலாறாயிற்று. ஓரத்தில் இருந்த ஏழையை நினைப்பார் குறைவு. அட்டையைப் பார்க்கும் கண்ணின் பழக்கம் அன்றும் இன்றும் அதுவே. நடுவைப் பார், ஓரத்தை விடு!

பாதத்தை முத்தமிட்ட அந்தப் படத்தின் ஓரத்தில் யார் இருந்தாள்? ஓரத்திலும் அவள் இல்லை. இரு உயிரைப் பத்துத் திங்கள் சுமந்தவள் படத்திலேயே இல்லை. அவள் பெயர் வெளிவராதது நன்றே; அலரின் வாயில் அவளும் விழாமல் தப்பினாள். ஆனால், பெயரைக் கேளாமல் நிலையைக் கேட்கலாமே! சுமப்பவளுக்கு நோய் வந்தால் யார் பொறுப்பு? இழப்பு நேர்ந்தால் அவள் குழந்தைக்கு யார் துணை? இந்திய நாடு பல்லாண்டுக் காலம் உலகின் வாடகைத்தாய்ச் சந்தையாக இருந்தது. குஜராத்தின் ஆனந்த் நகருக்கு அயல்நாட்டார் தேடி வந்தனர். 2015இல் அயல்நாட்டார்க்குத் தடை. பின்னர் எல்லார்க்குமே விலைக்குச் சுமத்தல் தடை. சுரண்டலைத் தடுக்க வந்த சட்டம் ஊதியத்தையே எடுத்துவிட்டது. இனி அவள் அன்பினால் மட்டுமே சுமக்க வேண்டும். மருத்துவர்க்குக் கட்டணம் உண்டு. மருத்துவமனைக்குக் கட்டணம் உண்டு. வழக்கறிஞர்க்கும் கட்டணம் உண்டு. சுமப்பவளுக்கு மட்டும் புண்ணியம்! விலைக்கு விற்பதும் இழிவு. விலையின்றிச் சுமக்கவைப்பதும் நேர்மையாகத் தோன்றவில்லை. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் நாடு பத்து நாள் பேசியிருக்க வேண்டியது இதைத்தான்.

பிள்ளைப்பேற்றில் அறிவியல் நுழைவதைக் கண்டு அஞ்சுவது நம் மரபன்று. ஆண் பெண் சேர்க்கையின்றியே கருவுண்டாகும் காலம் வருமென்று தந்தை பெரியார் "இனிவரும் உலகம்" என்னும் நூலில் 1940களிலேயே சொல்லிவிட்டார். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் என்னும் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. உலகெங்கிலுமிருந்து அந்தத் தாய்க்கு வாழ்த்து மடல்கள் குவிந்தன. அவற்றோடு வசை மடல்களும் வந்தன. உடைந்த கண்ணாடிக் குழாயைப் பொட்டலமாக அனுப்பியவரும் உண்டு! அன்று அஞ்சலில் வந்தது, இன்று செல்பேசியில் வருகிறது. ஊர்தி மாறியது, உள்ளம் மாறவில்லை.

*

அந்தச் சிறுமியிடம் திரும்புகிறேன்.

அவள் பாட்டியைப் பின்னொரு நாள் பள்ளி வாயிலில் கண்டேன். "அவங்கம்மா மெட்ராசுல ஒரு பெரிய வீட்டுல கொழந்த பாத்துக்கற வேலைக்கி போயிருக்கா, டீச்சர். பொங்கலுக்கு லீவு குடுக்கல. அந்த வீட்டுல விசேசமாம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் அந்த வீட்டிலும் அன்று பொங்கல். பட்டுடுத்தி நின்று படமெடுத்திருப்பார்கள்; நண்பர்க்கெல்லாம் அனுப்பியிருப்பார்கள்; "அழகிய குடும்பம்" என்று வாழ்த்து வந்திருக்கும். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, அழுகையை அடக்கிப் படத்துக்கு நிற்க வைத்த கை எவளுடையதோ அவள் அந்தப் படத்தில் இல்லை. இங்கே மானாம்பதியில், தன் மகள் வரைந்த படத்திலும் இல்லை. இரண்டு குடும்பத்தையும் தாங்குகிறவள் இரண்டு அட்டையிலும் இல்லை! இருந்தவளைப் பற்றி ஊர் பேசிற்று. இல்லாதவளைப் பற்றி எவர் கேட்டார்? கேட்டவன் ஒரு சிறுவன். அவனும் சிரிப்பதற்காகக் கேட்டான்.

மறுநாள் வகுப்பில் அறிவுரை ஒன்றும் நிகழ்த்தவில்லை. அட்டைகளையெல்லாம் சுவரிலிருந்து எடுத்து அவரவரிடம் கொடுத்தேன். "உங்கள் பொங்கல் நடப்பதற்கு உழைத்தவர்களில், இந்தப் படத்தில் இல்லாத ஒருவரை வரைந்து சேருங்கள்" என்றேன். நெல் அறுத்த அத்தை வந்தாள். பானை வனைந்த பெரியவர் வந்தார். பேருந்து ஓட்டும் தந்தை, விழாநாளிலும் விடுப்பின்றி வண்டியோட்டியவர், வந்தார். துப்புரவு செய்யும் தாய் வந்தாள். ஆட்டுக்குட்டியைச் சொல்லிச் சிரித்த சிறுவன் நெடுநேரம் வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செங்கற்சூளையில் தன் அண்ணனை வரைந்தான்.

சிறுமி புதிதாக யாரையும் வரையவில்லை. முன்பே வரைந்த இரண்டு உருவங்களில் ஒன்றை எடுத்து அதற்குக் கண், மூக்கு, வாய் எழுதினாள். கையில் ஒரு சிறு குழந்தையையும் சேர்த்தாள். "இது யார் குழந்தை?" என்று அருகிலிருந்தவள் கேட்டாள். "அந்த வீட்டுக் குழந்தை" என்றாள் சிறுமி. யாரும் சிரிக்கவில்லை.

பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு விளங்கியது பெரியவர்களாகிய நமக்கு விளங்காதோ? அடுத்த திருநாள் வரும். மீண்டும் ஏதோ ஒரு புகழ்பெற்ற குடும்பம் வாழ்த்துப் படம் வெளியிடும். மீண்டும் விரல்கள் மடங்கும், நாக்குகள் நீளும். அப்போது தோழர்களே, அகம் எது, புறம் எது என்று ஒரு நொடி எண்ணுங்கள். அகத்தை அவர்களுக்கே விடுங்கள். புறத்தில் கேட்க வேண்டியதை அஞ்சாமல், அரைகுறையாக நிறுத்தாமல், கடைசி ஏடு வரை கேளுங்கள். இரண்டையும் செய்தபின் படத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். அதில் யார் இல்லை என்று தேடுங்கள்.

அவளுக்கும் ஒரு வாழ்த்து அனுப்ப வேண்டாமா?